மனேஜரிடம் ஒரு மாதிரி, தம்பியிடம் ஒரு மாதிரி: வேலையிடத்து முரண்பாட்டில் நம் வழக்கம்

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மாலை நாலரை மணி. விற்பனைப் பிரிவில் இருக்கும் இளைஞர் ஆவணப் பிரிவு மேசைக்கு வருகிறார். "அக்கா, அந்த டுபாய் பார்ட்டியின் பி.எல். டிராஃப்ட் இன்றைக்கே போகவேணும். நான் அவரிட்டச் சொல்லிப்போட்டன்."

பி.எல். என்பது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கு அத்தாட்சியாகக் கொடுக்கும் பத்திரம். அதில் பெயரோ எண்ணோ பிழைத்தால் வங்கியில் பணம் தடைப்படலாம். அதனால் இறுதிப் பிரதிக்கு முன் வாடிக்கையாளர் சரிபார்க்க ஒரு டிராஃப்ட் அனுப்புவார்கள். அவசரமாகச் செய்கிற வேலையல்ல. ஆனால் அக்காவுக்கு ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். வத்தளை பஸ்ஸை விட்டால் பேலியகொடை நெரிசலில் மாட்டிக்கொள்வார். பிள்ளையை விட்டிருக்கும் பராமரிப்பு நிலையத்தை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

இனி அவர் என்ன செய்யலாம்?

"ஏலாது தம்பி. நாலு மணிக்குப் பிறகு வந்தால் நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்கலாம். "சரி, தாங்கோ" என்று வாங்கிவைத்து, பிள்ளையைக் கூட்டிவர யாரையாவது போனில் கெஞ்சிவிட்டு ஆறரை வரை இருக்கலாம். "பார்ப்பம்" என்று ஒரு சொல்லோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்து, தம்பி கன்டீன் பக்கம் போனதும் மெல்ல நழுவலாம். "அரைவாசியை இப்ப முடிச்சுத் தாறன், மிச்சத்தை நீங்களே நிரப்புங்கோ" என்று பேரம் பேசலாம். இல்லாவிட்டால், "டுபாய் ஆளுக்கு இது எத்தனை மணிக்குக் கையில கிடைக்கவேணும்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

வேலையிடத்து முரண்பாடு பற்றிய பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் ஐந்து வழிகளும் இவைதான். வெல்ல நிற்பது, விட்டுக்கொடுப்பது, விலகுவது, பாதிக்குப் பாதி சமரசம், கூடித் தீர்ப்பது. அமெரிக்கரான கென்னத் தோமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் வெளியிட்ட வினாக்கொத்து மூலம் இந்த ஐந்து வகைப் பிரிப்பு உலகம் முழுக்கப் பரவியது. அடிப்படை அவர்களுக்கும் முந்தியது. ரொபர்ட் பிளேக், ஜேன் மூட்டன் என்ற இருவர் 1964இல் மனேஜர்களின் போக்கை அளக்கப் போட்ட கட்டத்திலிருந்து வளர்ந்தது.

அடியில் இருப்பவை இரண்டே கேள்விகள். எனக்கு வேண்டியதை நான் எவ்வளவு வலியுறுத்துகிறேன்? எதிரே இருப்பவருக்கு வேண்டியதை எவ்வளவு கவனத்தில் எடுக்கிறேன்? முதலாவது மட்டும் கூடினால் வெல்ல நிற்கிறோம், இரண்டாவது மட்டும் கூடினால் விட்டுக்கொடுக்கிறோம். இரண்டும் குறைந்தால் விலகுகிறோம், இரண்டும் கூடினால் கூடித் தீர்க்கிறோம். நடுவில் நின்றால் சமரசம்.

இதில் எது சரியான வழி என்று கேட்டால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வழியைக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. நமக்குப் பழகிய ஒன்றையே எல்லா இடத்திலும் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அக்கா கேட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். டுபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை எட்டுக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே ஒன்பதரை. நாளைக் காலை எட்டரைக்கு அக்கா வந்து உட்கார்ந்து முக்கால் மணித்தியாலத்தில் முடித்து அனுப்பினாலும், அவர் கணினியைத் திறக்கும்போது டிராஃப்ட் அங்கே இருக்கும். தம்பி கொடுத்த வாக்கில் "இன்றைக்கு" என்ற சொல் இருந்ததே தவிர, வாடிக்கையாளருக்கு இன்றிரவு அதைப் பார்க்கும் எண்ணம் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. தம்பி வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டால் போதும்.

மேரி பார்க்கர் ஃபொலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925இலேயே இதை ஒரு விரிவுரையில் எடுத்துச் சொன்னார். ஹார்வர்ட் நூலகத்தின் சிறிய அறையொன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார், ஃபொலெட் மூட வேண்டும் என்கிறார். ஆள் இல்லாத அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அவருக்குத் தேவைப்பட்டது காற்று. ஃபொலெட்டுக்கு வடகாற்று நேராக மேலே அடிக்கக்கூடாது, அவ்வளவுதான். பாதி ஜன்னலைத் திறந்திருந்தால் அது சமரசம், இருவருக்கும் பாதி அவதி. ஃபொலெட் முரண்பாட்டுக்கு மூன்று முடிவுகளைத்தான் சொன்னார்: ஒருவர் மற்றவரை அடக்குவது, சமரசம், இரண்டு தேவையையும் ஒன்றாக்கித் தீர்ப்பது. நம்மில் பலருக்கு மூன்றாவது ஒன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

விட்டுக்கொடுப்பவரின் கணக்குப் புத்தகம்

விட்டுக்கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்தே ஊட்டப்படுவது இதுதான். "விட்டுக் குடு, நீதானே மூத்தவள்." "பெரியவர் சொன்னால் கேள்." தவறு நம் பக்கம் என்று தெரிந்தால் உடனே விட்டுக்கொடுப்பது நல்லது. விஷயம் நமக்குச் சின்னது, அவருக்குப் பெரியது என்றாலும் அப்படியே.

சிக்கல், சத்தமில்லாமல் விட்டுக்கொடுப்பதில். அந்த அக்கா ஒவ்வொரு முறையும் "சரி, தாங்கோ" என்று வாங்கி ஆறரை வரை இருந்தால், தம்பிக்கு அது அக்கா செய்த தியாகம் என்று தெரியவே தெரியாது. ஆவணப் பிரிவு ஆறரை வரை வேலை செய்யும் என்றுதான் அவர் நினைப்பார். அடுத்த வாடிக்கையாளருக்கும் அப்படியே வாக்குக் கொடுப்பார். அக்காவோ மனதுக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டே வருகிறார். ஒருநாள் பிரின்டரில் தாள் போடாமல் விட்டதற்காகத் தம்பியைப் பிடித்துப் பிடித்து ஏசுவார். பார்க்கிறவர்கள் எல்லாம், "ஒரு பேப்பருக்கா இவ்வளவு கோபம்?" என்று அதிசயப்படுவார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கோபக்காரி என்ற பெயர். உண்மையில் அந்த அலுவலகத்தில் அதிகம் பொறுத்துப்போனவரே அவர்தான்.

விட்டுக்கொடுங்கள், ஆனால் அதன் விலையைச் சொல்லிக் கொடுங்கள். "இன்றைக்கு இருந்து செய்து தாறன் தம்பி. ஆனால் பிள்ளையை எடுக்க வேற ஆளைப் பிடிக்கவேணும். அடுத்த முறை மூன்று மணிக்கு முதல் சொல்லுங்கோ." குரலை உயர்த்தத் தேவையில்லை. வேலையும் நடந்தது, தம்பிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

விலகுவதிலும் இரண்டு வகை உண்டு. "இப்ப இரண்டு பேரும் களைச்சுப்போய் இருக்கிறம், நாளைக்குப் பத்து மணிக்குக் கதைப்பம்" என்பது நல்ல விலகல். நேரம் குறித்தாயிற்று. வெறும் "பார்ப்பம்" அப்படியல்ல. தம்பி வேலை நடக்கிறது என்று நம்பி இருப்பார், ஆறு மணிக்குக் காலியான கதிரையைப் பார்ப்பார். இரண்டு நிமிடச் சங்கடத்துக்குப் பயந்து ஒரு வாரத்துச் சங்கடத்தை வாங்கிய கதை.

வெல்ல நிற்பது சில இடத்தில் கடமை. அதே அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளர், "சுங்கத்துக்குப் போற இன்வொயிஸில பெறுமதியைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ" என்று கேட்டால் அங்கே சமரசம் ஏது? பாதி குறைத்துப் போட்டாலும் பொய்க் கணக்குத்தான். அந்த இடத்தில் "ஏலாது" என்று மட்டும் சொல்லத் தெரிய வேண்டும். எல்லோரிடமும் இனிமையாகப் பழகும் ஆட்கள் இந்த இடத்தில் தடுமாறுவதை நிறையப் பார்க்கலாம்.

சமரசம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் இல்லாதபோது, இருவரும் சம பலத்தில் நிற்கும்போது கைகொடுக்கும். ஆனால் அவசரப்பட்டு அதில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம். பண்டிகை லீவை எடுங்கள். பல இனத்தவரும் வேலை செய்யும் கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் எல்லாவற்றுக்கும் கடமைப் பட்டியல் போட்டாக வேண்டும். எல்லா நாளையும் எல்லோருக்கும் அரை அரை நாளாகப் பிரித்தால் ஒருவருக்கும் ஒரு பண்டிகையும் முழுதாகக் கிடைக்காது. வெசாக்குக்குத் தமிழரும் முஸ்லிம்களும் நின்றுகொள்ள, தீபாவளிக்கு மற்றவர்கள் நின்றுகொள்வது பல இடங்களில் நடக்கிற காரியம். எவருக்கு எந்த நாள் பெரிது என்று கேட்டால்தான் இந்த மாற்றே சாத்தியம்.

ஆள்வழித் தூது

ஐந்து வழிகள் என்று சொல்லிவிட்டு ஆறாவதை விட்டுவிட முடியாது. நம்முடைய அலுவலகங்களில் மிக அதிகமாக நடப்பது அதுதான்: மூன்றாம் ஆளிடம் சொல்லிச் சொல்ல வைப்பது.

தம்பியிடம் நேரே சொல்லாமல், அவரோடு மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடும் இன்னொருவரிடம், "உங்கட சினேகிதருக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ, கடைசி நேரத்தில வாறது சரியில்லை" என்பது. அவர் அதைக் கொண்டுபோய், "அக்கா உன்னோட கோபமாம்" என்று சுருக்கிவிடுவார். நாலரை மணி, பிள்ளை, பஸ் எல்லாம் வழியில் கொட்டிப்போய், கோபம் மட்டும் போய்ச் சேரும்.

ஆனாலும் நான் இதை முழுக்கக் கழித்துவிட மாட்டேன். நடுவில் நிற்பவர் இருவருக்கும் வேண்டியவராக, சொன்னதைச் சொன்னபடி சொல்பவராக இருந்தால், முகம் முறியாமல் காரியம் நடக்கும். முரண்பாட்டில் ஒருவர் தன் முகத்தையும் எதிராளியின் முகத்தையும் எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதை வைத்தே ஸ்டெல்லா டிங்-டூமி என்ற அறிஞர் 1980களில் ஒரு கோட்பாட்டை வளர்த்தார். குழுவை முன்னிறுத்தும் சமூகங்களில் எதிராளியின் முகத்தைக் காப்பதற்கு மதிப்பு அதிகம். அங்கே விலகுவதும் விட்டுக்கொடுப்பதும் வெறும் பயம் அல்ல, மரியாதையும்கூட என்பது அதன் ஒரு பகுதி. தோமஸ்-கில்மன் கட்டத்தில் "அக்கறையில்லாதவர்" என்று விழுகிற ஒருவர் நம் ஊரில் அக்கறையால்தான் வாயை மூடியிருக்கக்கூடும்.

தனியே கூப்பிட்டுச் சொல்வதும் விலகல் அல்ல. எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் "இதை யார் பார்த்திருக்க வேணும்?" என்று கேட்பதுதான் துணிச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு எதிரே இருப்பவருக்குத் தற்காப்பைத் தவிர வேறு வழி இருக்காது.

எதிரே இருப்பது யார்?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "நான் விலகிப்போகிற ஆள்", "எனக்கு நேரே கதைச்சுத்தான் பழக்கம்" என்று பலரும் தங்களைப் பற்றிச் சொல்வார்கள். யாரோடு என்று கேட்டால் கதை மாறிவிடும்.

மனேஜர் சனிக்கிழமை வரச் சொன்னால், "சரி சேர்." பக்கத்து மேசைக்காரர் அதையே கேட்டால் அரைமணி நேர வாக்குவாதம். தேத்தண்ணீர் கொண்டுவரும் தம்பி ஐந்து நிமிடம் பிந்தினால் ஒரு அதட்டல். மூன்றும் ஒரே ஆள், ஒரே நாள். மேலே விட்டுக்கொடுப்பு, பக்கத்தில் பேரம், கீழே வெல்ல நிற்பது. இதில் எது அவருடைய பாணி?

எம். அஃப்சலூர் ரஹீம் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட அளவுகோல் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. அதே 28 வாக்கியங்கள், ஆனால் மூன்று படிவங்கள்: மேலதிகாரியோடு முரண்பட்டால், கீழே வேலை செய்பவரோடு முரண்பட்டால், சக ஊழியரோடு முரண்பட்டால். ஒருவரே மூன்றையும் நிரப்பலாம், மூன்றிலும் வேறு வேறு பதில் வரலாம்.

இந்த வேற்றுமை இயல்பானதுதான். மேலே இருப்பவர் கையில் சம்பள உயர்வு இருக்கிறது, அவரிடம் எச்சரிக்கையாக இருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே விழுங்கியதை அப்படியே கீழே கொண்டுபோய் இறக்குகிற வழக்கம் இருக்கிறதே, அதைக் கண்டுபிடிக்கத்தான் நம் பாணியை அறிய வேண்டும். காலையில் மனேஜரிடம் ஏச்சு வாங்கிய அன்று மத்தியானம் யாரை ஏசினோம் என்று பார்த்தால் போதும்.

செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. அண்மையில் நடந்த மூன்று முரண்பாடுகளை எடுங்கள்: மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று. பெரிய சண்டையாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள். எனக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது? அதை வாய்விட்டுச் சொன்னேனா? அவருக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்டேனா, நானே ஊகித்தேனா? முடிந்தபிறகு யாரிடம் போய்ப் புலம்பினேன்? நாலாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது பலருக்கும் முகம் சிவக்கும். புலம்பலில் வந்த வாக்கியம், நேரில் சொல்லாமல் விட்ட வாக்கியமாகவே பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் பதிலை நீங்களே நம்பிவிடவும் வேண்டாம். கூட வேலை செய்யும், முகத்துக்காகப் பேசாத ஒருவரிடம், "நான் கோபப்பட்டால் என்ன செய்வன்?" என்று கேளுங்கள். நாம் அமைதி என்று நினைப்பதை அவர் "முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்" என்று சொல்லக்கூடும்.

மொழி நம் பாணியை மாற்றுகிறது

கொழும்பில் இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். கூட்டம் ஆங்கிலத்தில் தொடங்கும், பாதியில் சிங்களத்துக்குத் தாவும், பகிடிகள் எல்லாம் சிங்களத்தில் வரும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவர், மறுப்புச் சொல்ல ஒரு வாக்கியத்தை மனதில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு மூன்றாவது விஷயத்துக்குப் போயிருக்கும். அறிக்கையில் அவர் "கருத்து முரண்பாட்டைத் தவிர்ப்பவர்." அதே ஆள் வெள்ளவத்தையில் தேத்தண்ணீர்க் கடையில் நண்பர்களோடு தமிழில் விவாதிக்கும்போது பார்த்தால், மேசையைத் தட்டி வெல்லப் பார்ப்பவர்.

இது பாணிப் பிரச்சினை அல்ல, ஆகவே "துணிச்சலாகப் பேசு" என்ற அறிவுரை இங்கே வேலை செய்யாது. கூட்டத்துக்கு முதல் நாளே தன் கருத்தை நாலு வரியில் ஈமெயிலாக அனுப்பிவிடுவது வேலை செய்யும். எழுதும்போது வாக்கியத்தைத் திருத்த நேரம் இருக்கிறது, யாரும் குறுக்கே பாய மாட்டார்கள். கூட்டத்தில் "நான் அனுப்பிய இரண்டாவது விஷயம் பற்றி" என்று தொடங்கினால் போதும். கூட்டத்தை நடத்துகிறவர் தமிழர் என்றால் அவருக்கும் ஒரு வேண்டுகோள்: மௌனத்தைச் சம்மதமாக எழுதிவிடாதீர்கள்.

முப்பது கேள்வியும் ஒரு புள்ளியும்

பெரிய கொம்பனிகளில் பயிற்சி நாளன்று தோமஸ்-கில்மன் வினாக்கொத்தைத் தருவதுண்டு. முப்பது சோடி வாக்கியங்கள். ஒவ்வொரு சோடியிலும் தனக்கு நெருக்கமான ஒன்றைக் கட்டாயம் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் அதிகபட்சம் 12 புள்ளி, ஐந்தையும் கூட்டினால் எப்போதும் 30. அதாவது ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறைந்தே ஆக வேண்டும். ஆகவே "எனக்கு விலகலில் ஒன்பது வந்துவிட்டதே" என்று கவலைப்பட ஒன்றுமில்லை. இது நூற்றுக்கு எடுக்கும் பரீட்சை அல்ல, உங்களுக்கு எது முதலில் கைக்கு வருகிறது என்பதைக் காட்டுவது மட்டுமே. அதை ஜாதகம் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "நான் இப்படித்தான்" என்று திரிகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எந்த ஆளை மனதில் வைத்துப் பதில் எழுதினீர்கள் என்பதைக்கூட அந்தத் தாள் கேட்பதில்லை.

பயிற்சி வகுப்புகளில் இன்னொன்றும் சொல்வார்கள்: வேலை பற்றிய முரண்பாடு நல்லது, ஆள் பற்றிய முரண்பாடுதான் கெட்டது என்று. கரென் ஜென் என்பவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிப்பைப் பிரபலமாக்கியது. வாடிக்கையான வேலை அல்லாத இடங்களில் வேலை பற்றிய கருத்து வேறுபாடு குழுவுக்கு உதவலாம் என்று அவர் கண்டார். ஆனால் 2003இல் டி ட்ரூ, வைன்கார்ட் என்ற இருவர் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு வகை முரண்பாடும் குழுவின் செயற்திறனோடு எதிர்மறையாகவே இணைந்திருந்தன. ஒன்று மற்றதாக மாறுவது சுலபம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். "இந்த டிராஃப்ட் பிந்திவிட்டது" என்று தொடங்கியது, "நீங்கள் எப்பவுமே இப்படித்தான்" என்று முடிந்தால் வேலை போய் ஆள் வந்துவிட்டார். "எப்பவுமே" உங்கள் வாயில் வரும்போது ஒரு மிடறு தண்ணீர் குடிப்பது நல்லது.

பாணியோடு சம்பந்தமில்லாதவை

சில விஷயங்களை முரண்பாடு என்று அழைப்பதே தப்பு. சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் வெட்டிக்கொண்டு, முதலாளி போட வேண்டிய 12 சதவீதத்தோடு சேர்த்து நிதியத்துக்குக் கட்டாமல் விட்டால், அங்கே நீங்கள் விட்டுக்கொடுப்பவரா வெல்ல நிற்பவரா என்ற ஆராய்ச்சி வேண்டாம். நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டிய விஷயம் அது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் என்றால் ஓ.டி., ஒன்றரை மடங்கு. நம் ஆவணப் பிரிவு அக்கா தினமும் ஆறரை வரை இருந்தால், அந்தக் கேள்வியை யாராவது ஒருநாள் கேட்கத்தான் வேண்டும்.

பாலியல் தொந்தரவும் அப்படியே. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி 1995இலிருந்து அது குற்றம். வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் அதற்குள் வரும். "இரண்டு பேரும் கதைச்சுத் தீருங்கோ" என்று மனிதவளப் பிரிவு சொன்னால், அது பிரச்சினையைத் தீர்ப்பதல்ல.

அடுத்த முறை என்ன செய்யலாம்?

பாணியை ஒரே நாளில் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. பழக்கமான முதல் அசைவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன அசைவைச் சேர்த்துக்கொள்ளலாம். வெல்ல நிற்பவர், தன் வாதத்தைத் தொடங்குமுன் ஒரே ஒரு உண்மையான கேள்வி கேட்க வேண்டும். "தம்பி, இதை ஏன் இன்றைக்கே எண்டு சொன்னீங்கள்?" என்பது உண்மையான கேள்வி. "உங்களுக்கு மூளை இல்லையா?" என்பதிலும் கேள்விக்குறி உண்டு, அது சேராது. விலகுபவர், "பார்ப்பம்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நாளையும் நேரத்தையும் ஒட்ட வேண்டும்.

மேலே இருப்பவரோடுதான் எல்லோருக்கும் கஷ்டம். "சேர், ஏலாது" என்று சொல்ல வாய் வராது, சொன்னாலும் எடுபடாது. அதற்குப் பதிலாக முடிவை அவரிடமே கொடுத்துவிடலாம். "செய்யலாம் சேர். இதை இன்றைக்கு எடுத்தால் சென்னை ஷிப்மென்ட் பேப்பர் நாளைக்கு மத்தியானம்தான் போகும். எதை முதல் செய்யட்டும்?" இதில் மறுப்பு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்ற உண்மை அவர் மேசைக்குப் போய்விட்டது. அவர் "இரண்டும் வேணும்" என்றால், "அப்ப இன்னொரு ஆள் தாங்கோ சேர்" என்று அடுத்த வசனம் தயாராக இருக்கட்டும்.

இவ்வளவும் எதிரே இருப்பவருக்கும் தீர்க்கும் மனம் இருந்தால். சிலருக்கு இருக்காது. நீங்கள் தேவையைக் கேட்கக் கேட்க, அதைப் பலவீனம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப்பார்ப்பார்கள். கூடித் தீர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் அதில் நின்றால் அது விட்டுக்கொடுப்பாகவே முடியும். ஒரு முறை கேட்டுப் பாருங்கள், இரண்டாம் முறையும் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் முறை பேசியதைச் சின்ன ஈமெயிலாக எழுதி அனுப்புங்கள்: "இன்று நாம் கதைத்தபடி, மூன்று மணிக்குப் பின் வரும் டிராஃப்ட் அடுத்த நாள் காலை பத்து மணிக்குள் அனுப்பப்படும்." சீசியில் இரண்டு பேருக்கும் மேலே இருப்பவர்.